பாப்பா பாயிண்டில் வெறும் தண்ணீர்

போன வருஷம் ஆவணி மாதம், மதியச் சாப்பாட்டு நேரம். திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையில், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை உண்டு. உடைந்த பொம்மைகள், பழைய அட்டைப் பெட்டிகள், ஒரு சுவர்க் கடிகாரம், நாலு ஸ்டூல். எங்களுக்கு அதுதான் சாப்பாட்டு அறை. அங்கே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அந்த போன் வந்தது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மரக்காணத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பம். பிறந்ததும் அங்கேதான், வாழ்க்கைப்பட்டதும் அங்கேதான். கணவர் ஃபைபர் போட்டில் தூண்டில் தொழிலுக்குப் போகிறவர். நான் காலை பஸ்ஸைப் பிடித்துத் திண்டிவனம் வந்து, நாள் முழுக்கப் புடவையை விரித்துக் காட்டி மடித்து வைத்துவிட்டு, சாயங்காலம் திரும்பிப் போவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். பொய்யில்லை.

ஜி.பி.எஸ். என்றதும் உங்களுக்கு போனில் பேசும் அந்தப் பெண் குரல் ஞாபகத்துக்கு வரும். இருநூறு மீட்டரில் வலது பக்கம் திரும்பு என்று சொல்லுமே, அது. கடலில் வலது பக்கம் திரும்ப ரோடு ஏது? எங்கள் ஆட்கள் வைத்திருப்பது வேறு ரகம். உள்ளங்கை அளவு இருக்கும், ரெண்டு பென்சில் பேட்டரியில் ஓடும், வாயே திறக்காது. எங்கள் குப்பத்தில் அதற்கு மிஷின் என்றுதான் பெயர். மீன் கிடைத்த இடத்தில் ஒரு பட்டனை அழுத்தினால் அந்த இடத்தின் வடக்கு எண்ணையும் கிழக்கு எண்ணையும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு மார்க் என்று பெயர். அடுத்த முறை அந்த மார்க்கைத் தேர்ந்தெடுத்து 'கோ டூ' கொடுத்தால் அம்புக்குறி வழி காட்டும்.

எங்கள் வீட்டு மிஷினுக்கு நான்தான் வாத்தியார். பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை வரி வரியாகப் படித்து, புரியாததற்கு போனில் அர்த்தம் தேடி, அவருக்குச் சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு எண்கள் அத்துப்படி, இங்கிலீஷ் எழுத்து தகராறு. அதனால் மார்க்குகளுக்குப் பெயர் அடித்துக் கொடுப்பது என் வேலை. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மீன் படமும் வைப்பேன். அவருக்கு வஞ்சிரமும் பாறை மீனும் அள்ளிக் கொடுத்த நல்ல இடம் ஒன்று உண்டு. கடலுக்கடியில் பாறை இருக்கும் இடம் அது. அதற்கு எங்கள் மகளின் பெயரையே போட்டேன். வீட்டில் அவளைப் பாப்பா என்று கூப்பிடுவதால், அது பாப்பா பாயிண்ட் ஆகிவிட்டது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மீன் கிடைக்கும் இடத்தை யாரும் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். எங்கே போனே என்று கேட்டால் வேறு ஏதாவது ஒரு திசையைக் கை காட்டுவார்கள். கேட்கிறவருக்கும் அது பொய் என்று தெரியும். யாரும் கோபித்துக்கொள்வதில்லை, தொழில் அப்படி. ஆனால் என் கூடப் பிறந்த அண்ணன் ஒரு காரியம் செய்துவிட்டார். என் கணவரின் போட்டுக்குப் பின்னாலேயே சத்தமில்லாமல் போய், அவருடைய இன்னொரு நல்ல இடத்தைத் தெரிந்துகொண்டார். அதோடு விட்டாரா? கூட்டாளிகளுக்கும் சொல்லிவிட்டார். கொஞ்ச நாளில் பத்துப் பதினைந்து போட்டு அங்கே போய் மொய்த்து, இடமே வறண்டுபோனது. அன்றோடு மச்சானும் மச்சானும் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். பாப்பாவுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடியில்தானே உட்கார வைக்க வேண்டும்? அண்ணன் சீரோடு வந்து மடியில் வைத்துக் காது குத்தினார். இவர் பந்தலுக்கு வெளியே போய் நின்றுகொண்டு சமையல்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். நடுவில் நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். மிஷினின் திரை மங்கிப்போய்விட்டதால், ரிப்பேருக்குத் திண்டிவனத்தில் கொடுத்திருந்தேன். மிஷின் இல்லாமல் போகாதே என்று என் கணவரிடம் சொன்னேன். கேட்டால்தானே? "அந்த வழி எனக்குக் கண்ண மூடிக்கினு போவத் தெரியும்" என்று விடியற்காலையில் கிளம்பிவிட்டார். கூட எப்போதும் போகும் பக்கத்து வீட்டுக்காரரும் போனார். மதிய இடைவேளையில் நான் ஓடிப்போய் மிஷினை வாங்கி வந்தேன். உள்ளே இருப்பது எதுவும் அழியவில்லை என்று ரிப்பேர்காரர் சொன்னார். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். பக்கத்தில் விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வரும் அக்கா ஒருத்தி. என்னோடு புடவைப் பிரிவில் வேலை பார்ப்பவள். அவள் என்னைக் கருவாட்டுக் குழம்பு கொண்டு வரச் சொல்லி ஒரு வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். அன்றைக்குத்தான் கொண்டு போயிருந்தேன்.

முதல் வாய் எடுத்து வைக்கவில்லை, போன் அடித்தது. அவர் எண். கடலுக்கு அவர் எடுத்துப் போவது பாலிதீன் கவரில் சுற்றிய பழைய பட்டன் போன். கரையிலிருந்து ரொம்ப தூரம் போகாவிட்டால் சிக்னல் விட்டு விட்டுக் கிடைக்கும். சாப்பிட்டியா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன்.

காதில் ஒரே இரைச்சல். காற்றா தண்ணீரா தெரியவில்லை.

"ஏய், நான் சொல்றதக் கேட்டுக்கோ. போட்டு கவுந்துடுச்சி. மேல ஏறி உக்காந்துகினு கீறோம். பக்கத்து வூட்டுக்காரருக்கு இஞ்சின் அடிச்சி தோளு பிச்சிக்கிச்சி, ரத்தம் நிக்கல. பாப்பா பாயிண்ட்ல கீறோம். மிஷின்ல நம்பர எடுத்து யார்கிட்டனா ஜல்தி சொல்லு. ஆனா..."

அவ்வளவுதான். அறுந்துபோனது. திரும்ப அடித்தேன். போன் அணைந்திருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. திரும்பத் திரும்ப அடித்தேன். அதே குரல்.

என்னால் கைப்பையின் ஜிப்பைத் திறக்க முடியவில்லை. அக்காதான் பிடுங்கித் திறந்து மிஷினை எடுத்துக் கொடுத்தாள். மிஷினைப் போட்டதும், வானத்தில் சாட்டிலைட்டைத் தேடுவதாகத் திரையில் காட்டியது. "ஐயோ, சிக்னல் இல்லியாமே" என்று அக்கா பதறினாள். சேர்த்து வைத்த மார்க்கைப் பார்க்க சிக்னல் தேவையில்லை, நாம் நிற்கும் இடத்தைச் சொல்லத்தான் அது வேண்டும் என்று சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே ஆச்சரியம். வாய் தானாகப் பேசியது.

பாப்பா பெயர் வந்தது. பக்கத்தில் மீன் படம். கீழே எண்கள்.

யாரிடம் சொல்வது? அந்த நேரத்தில் குப்பத்தில் பாதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள், பாதிப் பேர் ஏலக் கூடத்தில். எனக்குத் தெரிந்து, கரையிலேயே போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து வலை சரி செய்துகொண்டிருந்த ஒரே ஆள் என் அண்ணன். காலையில் பஸ்ஸுக்கு வரும்போது பார்த்துவிட்டுத்தான் வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், எண்ணை அழுத்தும்போது ஒரு நொடி தயங்கினேன். அண்ணன் என்ன சொல்வாரோ என்று இல்லை. பாப்பா பாயிண்டின் எண்ணை அண்ணன் கையில் கொடுத்தேன் என்று தெரிந்தால் இவர் என்னை என்ன செய்வாரோ என்று. மனுஷன் தண்ணீரில் கிடக்கும்போது இந்தப் புத்திக்கு அந்தக் கவலை வந்தது பாருங்கள்.

"அண்ணா, உன் மச்சான் போட்டு கவுந்துடுச்சிண்ணா."

அண்ணன், "நம்பர சொல்லு" என்றார். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எண்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். திருப்பிச் சொல்லிச் சரி பார்த்தார். பின்னால் யாரையோ அதட்டும் சத்தமும், போட்டைத் தண்ணீரில் தள்ளும் சத்தமும் கேட்டது. கடலோரப் போலீஸுக்கும் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறேன், நீ இருக்கிற இடத்திலேயே இரு, போனைக் கையிலேயே வைத்திரு என்றார். எனக்கு உடனே பஸ் ஏறிப் போய்விட வேண்டும் போல இருந்தது. அக்கா விடவில்லை. "வழியில சிக்னல் போயிடுச்சின்னா இன்னாடி பண்ணுவ? அவரு கூப்பிட்டா யாரு எடுக்கறது?" என்று என்னை ஸ்டூலில் அமுக்கி உட்கார வைத்தாள்.

எங்கள் கடைச் சூப்பர்வைசர் வந்து எட்டிப் பார்த்தார். வேலை நேரத்தில் போனைத் தொட்டாலே சம்பளத்தில் கை வைக்கிற மனுஷர். விஷயத்தை அக்கா சொன்னதும், மேலே போய் எங்கள் ரெண்டு பேர் கவுண்டருக்கும் வேறு ஆளைப் போட்டுவிட்டுத் திரும்பி வந்து வாசலிலேயே நின்றுகொண்டார். நேரம் போனது. எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. குலதெய்வத்தில் ஆரம்பித்து, பஸ் வழியில் தெரியும் மாதா கோயில் வரைக்கும் ஒரு சாமியையும் விடாமல் வேண்டிக்கொண்டேன்.

போன் அடித்தது. அண்ணன். முதல் மணியிலேயே எடுத்தேன்.

"ஏம்மே, இங்க ஒண்ணியும் இல்ல. வெறும் தண்ணி."

நல்லா பாருண்ணா என்று கத்தினேன்.

"சுத்திச் சுத்திப் பாத்துக்கினுதான் கீறேன். ஒரு ஐஸ் பெட்டி, ஒரு கேன் கூட மெதக்கல. தூண்டில் குண்ட எறக்கிப் பாத்தேன், அடியில சேறுதான் வருது. பாறையே இல்ல இங்க." கொஞ்சம் நிறுத்தினார். "ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. இது மெய்யாலுமே அவன் போற பாயிண்டா? இல்ல எனக்குனு பொய்யா எழுதி வச்ச பாயிண்டா?"

எனக்கு வந்ததே ஒரு கோபம்! புருஷன் இருக்கானா செத்தானா தெரியாத நேரத்தில் பழைய சண்டையை இழுக்கிறாரே என்று எரிந்து விழுந்தேன். "இன்னாண்ணா பேசற நீ? நான் என் கையால பேரு அடிச்ச பாயிண்ட் அது! ஊருக்கெல்லாம் பொய் சொல்லுவாரு, எங்கிட்ட அவரு பொய் சொல்ல மாட்டாரு!"

"சரி. அப்படின்னா இங்கயே இன்னொரு சுத்து வரேன்" என்று வைத்துவிட்டார்.

நான் மிஷினை எடுத்தேன். எண்ணை ஒருவேளை தப்பாகப் படித்துவிட்டேனா என்று பார்க்க. திரை ஒருமுறை மினுங்கியது, அணைந்துவிட்டது. ரிப்பேர்காரர் சோதித்துப் பார்க்கத் தன் பழைய பேட்டரியைப் போட்டு அப்படியே கொடுத்திருக்கிறார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதற்குள் சூப்பர்வைசர் ஸ்டூல் மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றினார். மாடிக்கு ஓடினார். பட்டுப் பிரிவில் இருந்த கடிகாரத்தையும் கழற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றிலும் ஒரு பென்சில் பேட்டரி. மிஷின் உயிர் பெற்றது.

எண் சரிதான். நான் சொன்னது அப்படியே இருந்தது. ஓர் இலக்கம்கூட மாறவில்லை.

அப்போதுதான் அந்த 'ஆனா' என் மண்டையில் இடித்தது. நம்பரை எடுத்துச் சொல்லு, ஆனா... என்றாரே. ஆனா, என்ன? ஆனா, அது சரியான நம்பர் இல்லை என்றா? சேறு என்கிறார் அண்ணன். இவர் பாறை மீன் கொண்டு வருகிறார். சேற்றில் ஏது பாறை மீன்? நான் பெயர் அடித்துக் கொடுத்த பிறகு, எனக்குத் தெரியாமல், இந்த மனுஷன் எண்ணை மாற்றியிருக்கிறார். மார்க்கைத் திருத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுத்தவளே நான்தானே!

மாற்றியிருக்கிறார், சரி. எவ்வளவு மாற்றினார்? எந்தப் பக்கம்? அது அவர் தலைக்குள் இருக்கிறது. அவர் கடலில் எங்கே இருக்கிறார் என்பது மிஷினுக்குத் தெரியாது. ஐயோ, ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டேன். தப்பான தண்ணீரில் அண்ணன் சுற்றிக்கொண்டிருக்கிறார். அங்கேயே சுற்ற வைத்தவள் நான்.

அக்கா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த மிஷினைப் பற்றி ஒன்றும் தெரியாது. நான் பட்டனை மாற்றி மாற்றி அழுத்தியதில் வரைபடத் திரை வந்திருந்தது.

"இன்னாடி இது, கோடு கோடா? தலைமுடி சிக்கு மாதிரி?"

"அது சும்மாக்கா. போட்டு போற வழியெல்லாம் அதுவா கிறுக்கி வச்சிக்கும்."

சொல்லி முடிக்கவில்லை. என் வாயிலிருந்து வந்தது என் காதில் விழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். ட்ராக்! மார்க் என்பது நாம் போடுவது. இஷ்டத்துக்கு மாற்றலாம், அழிக்கலாம். ட்ராக் அப்படியில்லை. போட்டு எங்கே போனதோ, எங்கே நின்றதோ அதை மிஷின் தானே எழுதிக்கொண்டே வரும். திரையில் அசிங்கமாக இருக்கிறது, இதை எடுத்துவிடு என்று அவர் எத்தனை முறை கேட்டிருக்கிறார்! அழித்துத் தொலைக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை, அவருக்கு எப்படி என்று தெரியவில்லை.

படத்தைப் பெரிதாக்கினேன். பாப்பா பெயர் இருந்த இடத்தில் மீன் படம் மட்டும் தனியாக நின்றது. ஒரு கோடுகூட அதன் மேல் போகவில்லை. அதற்கு நேர் கீழே, தெற்கில், பந்து போல ஒரு முடிச்சு. போட்டு நங்கூரம் போட்டு அலையில் அங்குமிங்கும் ஆடி நிற்கும்போது விழுகிற முடிச்சு அது. நான் அடுத்த மீன் படத்துக்குப் போனேன். அதற்கும் நேர் கீழே ஒரு முடிச்சு. அதற்கு அடுத்தது. அதற்கும் அப்படியே. எல்லா மார்க்கையும் ஒரே அளவில், ஒரே பக்கம் தள்ளி வைத்திருந்தார். ஒன்றைக்கூட விடவில்லை. என் கண் முன்னால் அந்த மீன் படங்கள் வரிசையாகப் பல்லைக் காட்டின.

முடிச்சின் மேல் அம்பைக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த இடத்தின் எண் மேலே வரும். அக்கா படித்தாள், நான் மார்க்கோடு ஒப்பிட்டேன். கிழக்கு எண் ஏறக்குறைய அதேதான். வடக்கு எண்ணில் மட்டும், டிகிரிக்கு அடுத்து வரும் நிமிஷ எண்ணில் ரெண்டு குறைந்தது. கடல் கணக்கில் ஒரு நிமிஷத்துக்கு ஒரு மைல், ஆக ரெண்டு மைல். தண்ணீரோடு தண்ணீராகக் கவிழ்ந்து கிடக்கும் ஃபைபர் போட்டு ரெண்டு மைலுக்கு அப்பால் இருந்தால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது.

அண்ணனுக்கு அடித்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. மறுபடி. மறுபடி. சூப்பர்வைசர் தன் போனிலிருந்து அடித்தார். அக்கா தன் போனிலிருந்து அடித்தாள். மூன்று பேரும் அந்தப் படிக்கட்டு அறையில் ஆளுக்கொரு போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அக்காவின் போனில் மணி போனது. பிடுங்கினேன்.

"அண்ணா, நேரா தெக்கால போ. ரெண்டு மைல். நீ சொன்னதுதாண்ணா சரி. நம்பர மாத்தி வச்சிக்கீறாரு."

எத்தனை வருஷ வயிற்றெரிச்சலோ, ஏதாவது குத்திச் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னாலும் கேட்டுக்கொள்ளத் தயாராக இருந்தேன். "அழுவாத. போன வை" என்றார். இஞ்சின் சத்தம் ஏறியது.

அதற்குப் பிறகு காத்திருந்ததைப் பற்றி எனக்கு எழுதத் தெரியவில்லை. சுவரில் கடிகாரம் இல்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. மேலே யாரோ கல்யாண வீட்டுக்காரர்கள் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போன் வந்தபோது என்னால் எடுக்க முடியவில்லை. அக்காதான் எடுத்து என் காதில் வைத்தாள்.

"கீறாங்க. ரெண்டு பேரும் கீறாங்க. நங்கூரக் கயித்தப் புடிச்சிக்கினு தொங்கினு கீறாங்க. ஏத்திக்கினு வரேன்."

அக்கா ஓவென்று அழுதாள். அவள் என் கணவரைப் பார்த்ததுகூட இல்லை. சூப்பர்வைசர் கடையின் லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, மரக்காணம் வரைக்கும் கொண்டுபோய் விடச் சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது பக்கத்து வீட்டுக்காரரை ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் பிறகு சொன்னாராம், இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தம் போயே முடிந்திருக்கும் என்று. என் கணவர் யாரோ கொடுத்த போர்வையைச் சுற்றிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பூத்திருந்தது. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. கொஞ்சம் தள்ளி அண்ணன் தன் போட்டின் மேல் சாய்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன். தலையைத் தடவினேன், கையைத் தேய்த்துச் சூடு பண்ணினேன். எல்லாம் செய்துவிட்டு, ஊரே நிற்கிறது என்றும் பார்க்காமல் கேட்டேன்.

"எங்கிட்டயே ஏன்யா மறைச்ச?"

தலையைக் குனிந்துகொண்டார். "சொல்லத்தான் வந்தேன். கட்டாயிடுச்சி."

"இன்னிக்கு இல்ல. மாத்துன அன்னிக்கே ஏன் சொல்லல?"

"நீ உங்க அண்ணன்கிட்ட சொல்லிடுவியோன்னு."

மதியத்திலிருந்து விழுந்த அடிகளிலேயே இதுதான் பெரிய அடி. எட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன். அவர் பயந்தது ஊரைப் பார்த்து இல்லை, அண்ணனைப் பார்த்துக்கூட இல்லை, என்னைப் பார்த்து. அவர் பயந்த மாதிரியே நடக்கவும் நடந்தது. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். முழுசாகச் சொல்லிவிட்டேன். அதனால்தான் அவர் உயிரோடு என் எதிரில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கிறார். அண்ணனுக்கும் அது காதில் விழுந்தது. பீடியைக் கீழே போட்டு மிதித்தார். "வூட்டுக்கு இட்டுக்கினு போ. சுடு தண்ணி வச்சிக் குடு" என்று என்னிடம் சொல்லிவிட்டு, போட்டை மேலே இழுக்கப் போய்விட்டார்.

அதற்கப்புறம் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். மச்சான்கள் இப்போது பேசிக்கொள்கிறார்கள், ரெண்டு வார்த்தை, மூன்று வார்த்தை. அண்ணன் பாப்பா பாயிண்டுக்கு இதுவரை போகவில்லை. நீ போகலாம் என்று இவரும் வாய் திறந்து சொல்லவில்லை. வீட்டில் நான் ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் சமாதானம் சொல்லிச் சொல்லிப் பேஜாராகிப் போனார். ஒரு நாள் மிஷினைக் கொண்டுவந்து என் மடியில் வைத்து, எல்லா எண்ணையும் நீயே சரி பண்ணு என்றார். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். இப்போது எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்பதை எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போட்டைத் தள்ளுகிறார்.

கோபமெல்லாம் போய்விட்டது. அதிர்ச்சி மட்டும் போகவில்லை. அது அவர் பொய்யை நினைத்து வருவதில்லை. பொய்தான் எங்கள் தொழிலில் சகஜம் என்று முதலிலேயே சொன்னேனே. அண்ணன் சந்தேகப்பட்டுக் கேட்டபோது, எங்கிட்ட அவரு பொய் சொல்ல மாட்டாரு என்று அடித்துச் சொல்லி, வெறும் தண்ணீரில் அண்ணனை இன்னொரு சுற்று சுற்ற வைத்தேன் இல்லையா, அதை நினைத்துத்தான். என் புருஷன் மேல் எனக்கிருந்த அந்த நம்பிக்கை இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் நின்றிருந்தால், அதுவே அவரைக் கொன்றிருக்கும் என்பதை என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை.